பதினோராவது சுற்று

கத்தரிக்கு உட்கார்ந்திருக்கவே முடியவில்லை. பத்தொன்பது வருடம் நின்றுகொண்டே துணி வெட்டியவளை நாற்காலியில் உட்காரவைத்துக் கம்ப்யூட்டர் பரீட்சை எழுதச் சொன்னால் கால் சும்மா இருக்குமா? மேசைக்கடியில் அது தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

தையல் ஆலையில் எல்லோரும் அவளைக் கத்தரி என்றுதான் கூப்பிடுவார்கள். வலது மணிக்கட்டு வீங்கிப்போய், இன்னும் ஒரு வருடம் வெட்டினால் விரல் மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேல்மாடியில், கம்ப்யூட்டரில் அளவு வரையும் அறையில் ஒரே ஒரு இடம் காலி. அதற்குப் போட்டி இரண்டே பேர். இன்னொருத்தி யார் என்றால், சொந்த நாத்தனார்! அதே வெட்டு மேசையில் எதிரே நிற்பவள். ஆறு மாத வயிற்றோடு நாள் முழுக்க நிற்க முடியாமல் அவளும் மனு போட்டுவிட்டாள். ஒரு வாரமாக வீட்டில் இரண்டு பேரும் சிரித்தார்கள், பேசவில்லை.

கேள்வி இதுதான்: ஒன்று, மூன்று, ஐந்து என்று போகும் வரிசையில் முதல் பத்து எண்களை லூப் போட்டுக் கூட்ட வேண்டும். லூப் என்றால் சொன்ன வேலையைச் சொன்ன தடவை செய்வது. கத்தரிக்குத் தெரியாத சங்கதியா அது? விடை நூறு என்று தாளிலேயே போட்டிருந்தது. மூன்று வாய்ப்பு. குறைந்த வாய்ப்பில் முடிப்பவளுக்கு இடம்.

அவளுக்கு 121 வந்தது. மொத்தத்தைச் சுழியத்துக்குப் பதில் ஒன்றிலிருந்து ஆரம்பித்துப் பார்த்தாள். 122 வந்து பல்லிளித்தது. இரண்டு வாய்ப்பு போயே போச்சு. எழுதிய நாலு வரியையும் விரல் வைத்துப் படித்தாள். எத்தனை தடவை என்ற இடத்தில் பதினொன்று இருந்தது. இதை எந்தப் பாவி போட்டது?

அவள் கைதான். வெட்டு மேசையில் பத்து கேட்டால் பதினொன்று வெட்டுவார்கள். தையலில் ஒன்று எப்படியும் பாழாகும். அந்தப் பழக்கம் கேட்காமலே இங்கேயும் வந்து உட்கார்ந்துவிட்டது. பத்து என்று மாற்றினாள். நூறு வந்தது.

திரும்பிப் பார்த்தாள். பக்கத்து இருக்கையில் நாத்தனார் கன்னத்தில் கைவைத்துத் திரையையே வெறித்துக்கொண்டிருந்தாள். ஒரே மேசை, ஒரே பழக்கம். அவளும் பதினொன்றுதான் போட்டிருப்பாள், சந்தேகமே இல்லை. பரீட்சை வைத்த பயிற்சியாளர் ஜன்னலோரம் போனில் இருந்தார். "பத்து" என்று ஒரு வார்த்தை முணுமுணுத்தால் போதும். ஆனால் அவளுக்கு இன்னும் எத்தனை வாய்ப்பு மிச்சமோ? சொல்லி, அவள் அடுத்த தட்டிலேயே முடித்துவிட்டால்?

கத்தரி வாயைத் திறந்தாள், மூடினாள். தண்ணீர் குடித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். அந்த வயிற்றைப் பார்க்காமல் இருக்கப் படாதபாடு பட்டாள். பத்து நிமிடம் அப்படியே போயிற்று, மணி அடித்தது.

பயிற்சியாளர் தாளைப் பார்த்துப் படித்தார். இரண்டு பேரும் சரி. கத்தரி மூன்றாவது வாய்ப்பில், நாத்தனார் இரண்டாவதில்.

அறைக்கு வெளியே நடைக்கு வந்ததும் நாத்தனார் பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"அண்ணி, எனக்கு அரை மணி முன்னாடியே முடிஞ்சிருச்சு. நீங்களும் பதினொன்னுதான் போட்டிருப்பீங்கன்னு நல்லாவே தெரியும். சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லாம கல்லு மாதிரி உக்காந்திருந்தேன் அண்ணி."

கத்தரிக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது.

"இதுவே நீங்களா இருந்தா சொல்லியிருப்பீங்க," என்றாள் நாத்தனார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"பின்னே? சொல்லாம இருப்பேனா?" என்றாள் கத்தரி.