அண்ணியின் போல்ட் தட்டு

கொட்டகையில் அன்று அதிகமாகக் கொதித்தது எஞ்சினா, அண்ணியா என்று சொல்வது கஷ்டம். மணல்மேடு ஏறுவதற்கென்றே அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து உருவாக்கிய 'பக்கி' என்கிற திறந்த பந்தய வண்டி, இரண்டு மாதத்தில் மூன்றாவது தடவையாகப் பாதி மேட்டில் சூடேறி நின்றுவிட்டது. எஞ்சின் வேலை அண்ணியுடையது. ஓட்டுவது நாத்தனார்.

"காலா அது, உலக்கையா? அந்த மிதி மிதிச்சா எந்த எஞ்சின் தாங்கும்?" என்றாள் அண்ணி.

"மிதிக்காம மேட்டுல எப்படி ஏறுறது, தள்ளிக்கிட்டா? போதும் அண்ணி. சாயங்காலமும் ஏறலேன்னா தண்ணியில குளிர்ற எஞ்சினா மாத்திடுறேன். அடுத்த தெரு மெக்கானிக்கிட்ட பேசியாச்சு. வர்ற மாசம் பந்தயம்."

அண்ணிக்குச் சுருக்கென்றது. ரேடியேட்டரும் வேண்டாம், கல் பட்டுத் தண்ணீர் ஒழுகுகிற வம்பும் வேண்டாம், காற்றிலேயே குளிரும் எஞ்சின்தான் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள். பதினோரு மாத உழைப்பை அடுத்த தெரு ஆள் வந்து கழற்றிப் போடுவதா?

நாத்தனார் உடை மாற்றப் போனாள். எஞ்சின் ஓரத்தில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. போல்ட் தட்டில் இருந்ததையெல்லாம் டப்பாவில் கொட்டிவிட்டு, சொட்டுப் பிடிக்கத் தட்டை அடியில் நீட்டினாள் அண்ணி. வளைந்த அந்தத் தட்டு, அளவெடுத்ததுபோல் சிலிண்டர்களின் அடியோடு ஒட்டிக்கொண்டது.

அடக் கடவுளே!

அது தட்டே இல்லை. விசிறி தள்ளும் காற்றை, சிலிண்டரின் சூட்டை வெளியே விடுகிற செதில்களோடு அணைத்துப் பிடிக்கிற தகடு. அது இல்லாவிட்டால் காற்று சந்து கிடைத்த பக்கம் ஓடிவிடும், செதில் எப்படிக் குளிரும்? தான் பளபளவென்று தேய்த்த செதில்களை நாலு பேர் பார்க்கட்டுமே என்று இரண்டு மாதம் முன்பு அதைக் கழற்றிய புண்ணியவதியும் இதே அண்ணிதான். கழற்றினாள், மறந்தாள். மறுபக்கத்துத் தகடு பெயிண்ட் டப்பாக்களுக்கு அடியில் கிடந்தது.

நாலே ஸ்க்ரூ. சத்தமில்லாமல் இரண்டையும் மாட்டிவிட்டாள். யாருக்குத் தெரியப்போகிறது?

நாத்தனார் திரும்பி வந்தாள். காலில் வழக்கமான பூட்ஸ் இல்லை, மெல்லிய துணி ஷூ.

"இதைப் போட்டா கால் கொஞ்சம் லேசா விழும்னு பாத்தேன்" என்றாள், குனிந்த தலையோடு.

அண்ணிக்கு மனசே ஆறவில்லை. இந்தப் பெண்ணையா இரண்டு மாதமாகக் கரித்துக் கொட்டினோம்?

"பூட்ஸையே போட்டுக்க. தப்பு உன் கால்ல இல்ல, என் புத்தியில. அழகு பாக்கிறேன்னு எஞ்சின் தகட்டைக் கழட்டி, அதுல போல்ட் போட்டு வச்சிருந்தேன். இப்பதான் மாட்டினேன்."

நாத்தனார் எஞ்சினுக்கடியில் குனிந்து பார்த்தாள். "அந்தத் தட்டா? அதுலேர்ந்து நானே எத்தனை தடவை போல்ட் எடுத்துக் குடுத்திருக்கேன்!"

அவ்வளவுதான். போய் பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அண்ணிக்கு.

சாயங்காலம் மேட்டடியில் அண்ணி நகத்தைக் கடித்தபடி நின்றாள். வண்டி சீறிக்கொண்டு ஏறியது. வழக்கமாக நிற்கும் இடம் வந்தது. நிற்கவில்லை. ஒரே சீரான சத்தத்தோடு உச்சிக்கே போய்விட்டது. அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது.

நாத்தனார் உச்சியில் வண்டியை விட்டு இறங்கி, ஒரு பூட்ஸ் காலைத் தூக்கி டயர்மேல் வைத்தாள்.

"அண்ணி! இப்ப சொல்லுங்க, என் கால் என்ன?"

"பூவுடி, பூ!" என்று கத்தினாள் அண்ணி. "இறங்கி வந்து இன்னொரு தடவை மிதி!"