ஐந்தாவது பக்கம்

சங்கத்தின் பொன்விழா மலரில் நாலு பக்கங்கள்தான் சம்பத்துக்குப் பிடிக்கவில்லை.

"டீச்சர், பாத்ரூம் கதையெல்லாம் இதுல எதுக்கு? நம்ம ஷூ வாங்குற ஜெர்மனிக்காரன் கையில குடுக்கப் போற புக்கு."

சம்பத், ஆம்பூர் காலணித் தொழிற்சாலை முதலாளிகள் சங்கம் ஒன்றின் செயலாளர். சௌந்தர்யா வரலாற்று ஆசிரியை. காவேரிப்பாக்கம் ஏரியின் வரலாற்றை எழுதியவள். அந்தப் பெயருக்காகத்தான் மலரைத் தொகுக்க அவளைக் கேட்டார்கள். அவளுடைய பள்ளியின் தாளாளரும் சங்கத்தில் இருந்தார். ஜூனில் தலைமை ஆசிரியை நாற்காலி காலியாகிறது. அடுத்து அவள்தான் என்று ஊரே சொன்னது.

மலரின் பெரும்பகுதி தொழிற்சாலைப் பெண்கள் அவளிடம் சொன்னவை. அந்த நாலு பக்கங்களில் ஒரு பித்தளை வில்லையின் கதை இருந்தது. ஷூவின் மேல்பாகம் தைக்கும் கூடத்தில் வரிசைக்கு ஒரு வில்லை. அதை எடுத்துக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போகலாம். போனவள் திரும்பி வந்து ஆணியில் மாட்டும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொண்டு தைக்க வேண்டும். ஒரு நாள் ஒருத்தி மெஷின் முன்னாலேயே புடவையை நனைத்துவிட்டாள். மேஸ்திரி சிரித்தான். கூடத்துப் பெண்கள் மொத்தமாக எழுந்துபோய் கேட்டருகே வெயிலில் உட்கார்ந்துவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் முதலாளி அந்த ஆணியையே பிடுங்க வேண்டியதாயிற்று.

புடவையை நனைத்தவள் சவுரியம்மாள், சௌந்தர்யாவின் அம்மா.

"உங்கம்மா பேரு வருதே, அவங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டேன் சார். சிரிச்சவன் பேரையும் போடுன்னாங்க."

சம்பத் நாற்காலியில் சாய்ந்தார். "என் பொண்ணு உங்க கிளாஸ்லதான் படிச்சா. மேஜைமேல ஒரு மரக்கட்டை வெச்சிருப்பீங்களாமே. அது கையில இருந்தாத்தான் பாத்ரூம் போவணுமாம். நீங்க பண்ணா டிசிப்ளின், நாங்க பண்ணா கொடுமையா?"

சௌந்தர்யா பக்கங்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்தும்போது அவள் கண் மேஜைக்குப் போனது. கட்டை அங்கே இல்லை. மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண் காலைப் பின்னிக்கொண்டு வாசலையே பார்த்திருந்தாள். இத்தனை வருடம் இந்த முகத்தைப் பார்த்தும் அதில் அம்மாவைப் பார்க்கத் தெரியவில்லையே என்று நினைத்தபோது காது சூடாகியது. ஊராருடைய வரலாற்றையெல்லாம் கிளறியவள், தன் மேஜையை மட்டும் தொடாமல் வைத்திருந்திருக்கிறாள்.

"போய்ட்டு வா."

"கட்டை இல்லியே மிஸ். ரேஷ்மா எடுத்துனு போயிருக்கா."

"கட்டை வேணாம். போ."

அந்தப் பெண் நம்பாமல் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு ஓடினாள்.

வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வாள் என்றுதான் சம்பத் கணக்குப் போட்டிருப்பார். வெட்கம் வந்தது உண்மைதான். ஆனால் அது அவள் வாயை மூடவில்லை, எழுத உட்கார வைத்தது.

சனிக்கிழமை சங்க அலுவலகத்தில் சம்பத் டீ வரவழைத்தார். "கம்மி பண்ணிட்டீங்களா?"

"ஜாஸ்தியாய்டுச்சு சார். அஞ்சு பக்கம். எங்க ஸ்கூல் கட்டையையும் சேர்த்துட்டேன். அதை வெச்சது நான்தான்னு என் பேரையும் போட்டிருக்கேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "தாளாளர் பார்த்தார்னா இன்னா ஆவும்னு தெரியுமா?"

"ஜூன்ல நாற்காலி வேற யாருக்காவது போவும்."

"இதை நாங்க போட மாட்டோம்."

"அப்ப பொம்பளைங்க சொன்ன எதையும் போடாதீங்க. அவங்க எங்கிட்ட சொன்னாங்க, சங்கத்துக்கிட்ட சொல்லல. எல்லாத்தையும் நானே எடுத்துனு போறேன். தனி புக்கா போட வாணியம்பாடி பிரஸ்ல பேசிட்டேன்."

"அதையெல்லாம் உருவிட்டா மலர்ல இன்னா மிச்சம் இருக்கும்?"

"விளம்பரம்."

பேருந்து நிலையம் வரை நடந்தே போனாள். பயம் இல்லாமல் இல்லை. அதுவும் கூடவே நடந்து வந்தது. தோள்பையில் தாள்களோடு அந்த மரக்கட்டையும் இருந்தது, அட்டைப்படத்துக்காக.