படிப்பாசி

முழங்காலுக்கடியில் போட்டிருந்த பிளாஸ்டிக் விரிப்பையும் மீறிப் பேண்ட்டில் ஈரம் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரர் அதைப் பொருட்படுத்தவில்லை. நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டிய தன் சதுரத்துக்குள், மூக்கு தரையில் இடிக்கக் குனிந்து லென்ஸை நகர்த்திக்கொண்டிருந்தார். அடுத்த சதுரத்தில் ஒரு பல் டாக்டர், அதற்கு அப்பால் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், எல்லோரும் அதே மாதிரி மண்டியிட்டிருந்தார்கள். எட்ட நின்று பார்த்தால் ஒரு கூட்டமே எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறது என்றுதான் தோன்றும். உண்மையில் தொலைத்துவிட்டுத் தேடியவர் கண்ணாடிக்காரர் ஒருவர்தான்.

காட்டில் என்னென்ன பாசி இருக்கிறது, என்னென்ன காளான் முளைக்கிறது என்று அந்த மழைக்காலம் முழுக்க ஞாயிறுதோறும் கணக்கெடுத்தார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து நிபுணர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஊர்க்காரர்கள் அவர்களுக்குப் பாசி மேடம், காளான் சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர்களும் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரர் கணக்கெடுப்புக்குப் பெயர் கொடுத்தபோது யாருக்கும் ஆச்சரியமில்லை. ஆயுள் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்தவர், ஒருநாள் அதன் வழியாகப் பார்க்கவும் ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். மலையின் மேல்காட்டுக்குள் வெளியாட்கள் போகக் கூடாது, கணக்கெடுப்புக்காரர்களுக்கு மட்டும் அனுமதி உண்டு என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலைநேரத்தில் அவர் மனைவி வீட்டைவிட்டுப் போனாள். சண்டையில்லை, சச்சரவில்லை. மலையடிவாரத்துக் கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கியதைப் பார்த்தவர்கள் உண்டு. அதற்குப் பிறகு பார்த்தவர்கள் இல்லை. போலீஸ் நாயோடு வந்து தேடியது. காடு ஒன்றையும் தரவில்லை. கட்டினவனுக்குத் தெரியாமலா ஒரு பொம்பளை காணாமல் போவாள் என்று ஊர் பேசியது. மச்சான், மனைவியின் தம்பி, கடைக்கே வந்து, பவர் பார்க்க உட்கார்ந்திருந்தவர்களுக்கு முன்னால், "எங்க அக்காவ என்ன பண்ணீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனவன்தான், அப்புறம் வாசல்படி மிதிக்கவில்லை. அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகள் இப்போது ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். போன வருஷம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அம்மா இல்லேன்னே வச்சுக்குவோம்பா" என்றாள். அவரும் தலையாட்டினார். ஆனால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்ட மாதிரி இருந்தால் இன்னமும் எழுந்து போய்ப் பார்ப்பதை அவரால் நிறுத்த முடியவில்லை. போகிறவரைக்கும் சத்தம் இருக்கும். போய் நின்றால் இருக்காது.

காட்டிலும் அப்படித்தான். இரண்டாவது ஞாயிறு, சருகை விலக்கியபோது மண்ணுக்குள்ளிருந்து கறுத்த விரல்கள் நாலைந்து நீட்டிக்கொண்டிருந்தன. அவர் அலறிவிட்டார். காளான் சார் ஓடி வந்து பார்த்து, குழந்தை பிறந்த மாதிரி பூரித்துப்போனார். விரல் மாதிரியேதான் இருக்கும், உள்ளே புதைந்த கட்டையிலிருந்து முளைக்கிற காளான்தான், பயப்படாதீர்கள் என்று தோளில் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடிக்காரரும் சிரித்துவைத்தார். அந்தப் பயத்துக்கு அடியில் ஓர் ஏமாற்றமும் இருந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இன்றைக்கு அவர் சதுரத்துக்குள் பாதி உளுத்த ஒரு மரம் குறுக்கே விழுந்து கிடந்தது. அதன்மேல் பச்சைக் கம்பளம் மாதிரி பாசி. மேடு தட்டிய ஓர் இடத்தில் விரலால் மெல்ல விலக்கினார். உள்ளே நீலமாக ஏதோ தெரிந்தது. இன்னும் விலக்கினார். மூக்குக்கண்ணாடி. பிரேமைச் சுற்றி வளைத்துப் பாசி மேலேறியிருந்தது.

நீலம் என்றதும் முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. அவள் போட்டிருந்தது மெல்லிய உலோக பிரேம். எப்போதும் அவர் எடுத்துக் கொடுப்பதுதான். "நீங்களே பாத்து எடுங்க" என்பாள். இந்த மாதிரி தடித்த நீல பிளாஸ்டிக்கை அவர் கடையிலேயே வைத்ததில்லை.

பாசி மேடத்தைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் கண்ணாடியைக் கவனிக்கவே இல்லை, பாசியைத்தான் பார்த்தார். லென்ஸைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு குப்புறப் படுத்தேவிட்டார்.

"படிப்பாசின்னு நாங்க சொல்றது இதைத்தான். வருஷத்துக்கு ஒரு படி வளரும். பழைய படி முதுகுலேருந்து புதுப்படி கிளம்பும். கண்ணாடி மேல ஏறினது மூணு படி இருக்கு, பாருங்க. அதுக்கு முன்னாடி சும்மா கிடந்ததையும் சேத்தா, நாலு வருஷம் வச்சுக்கலாம்."

படம் எடுத்து முடித்தபின் கண்ணாடியை விடுவித்து அவர் கையில் கொடுத்தார். கண்ணாடிக்காரர் லென்ஸைச் சட்டை நுனியில் துடைத்தார். கைப்பழக்கம், யாருடைய கண்ணாடி கிடைத்தாலும் அவர் செய்கிற காரியம். கை நீட்டிப் பிடித்து, எதிரிலிருந்த மரத்தை அதன் வழியாகப் பார்த்துக்கொண்டே மெல்லத் திருப்பினார். வலது லென்ஸில் மரம் ஒழுங்காக நின்றது. இடது லென்ஸில் மரம் கத்திரிக்கோல் மாதிரி விரிந்து சாய்ந்தது.

அந்தச் சாய்வை, அவளுடைய இடக்கண்ணுக்காக, அவர் இருபது வருஷம் தேய்த்திருக்கிறார்.

"யாருதுன்னு தெரியுமா?" என்றார் மேடம், அவர் முகத்தைப் பார்த்து.

"வீட்டுல இருந்தவங்களோடது மாதிரி இருக்கு" என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மேடம் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க சொன்ன கணக்கு தப்பாப் போகுமா?"

"ஒரு வருஷம் முன்னப்பின்ன போகும்." மேடம் மறுபடி குனிந்து படிகளை எண்ணினார். "ஆறு வருஷம் ஆகாது சார்."

போலீஸ் வந்தது. அந்த மரத்தைச் சுற்றி இரண்டு நாள் கிளறினார்கள். எலும்பில்லை, துணியில்லை, ஒரு பொத்தான்கூட இல்லை. இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். இந்த ஊரில் பவர் பார்க்க வேறு யாரிடம் போவது என்று அவருக்கே சங்கடமாக இருந்தது. கண்ணாடிக்காரர் மெஷினில் வைத்துப் பார்த்தார். இடக்கண் சாய்வு அச்சு அசல் அதேதான். ஆனால் இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வைப் பவர் அவர் கடைசியாகப் போட்டுக்கொடுத்ததைவிட அரை கூடியிருந்தது. அவளுடைய பார்வை மங்கியிருக்கிறது. எங்கேயோ ஒரு கடையில், யாரோ ஒருவன் முன்னால் நாடியை நிமிர்த்தி உட்கார்ந்து எழுத்துகளைப் படித்திருக்கிறாள். பிரேமை அவளே எடுத்திருக்கிறாள்.

இதே பவர் ஊரில் நூறு பேருக்கு இருக்காதா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். இந்தச் சாய்வோடு தன் கடையில் ஒரே ஆள்தான் என்று சொன்னார். உங்கள் கடையில் சரி, உலகத்தில் என்று இன்ஸ்பெக்டர் இழுத்தார். அவர் கண்ணாடியைக் கவருக்குள் போட்டு நீட்டினார்.

மகளிடம் மறைக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டே கை கழுவினாள். கழுவிய கையையே மறுபடி கழுவினாள்.

"செத்துட்டாங்கன்னு நெனச்சு அழுது முடிச்சிட்டேன்பா" என்றாள். "இப்ப மொதல்லேருந்து எதை அழறது?"

ஊர்ப்பேச்சு ஒருவழியாக நின்றுவிட்டது. மச்சானுக்கும் சேதி போய்விட்டது. வாசலில் வந்து நின்று, தலை குனிந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். கொன்றவன் என்று பேசியது போய்விட்டது. விட்டுப் போகப்பட்டவன் என்பது அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. எது கனம் என்று அவருக்கு நிறுக்கத் தெரியவில்லை. இரண்டு வருஷம் பக்கத்து ஊரிலோ எங்கேயோ இருந்தவள், வீட்டுக்கு வராமல் இந்தக் காட்டுக்கு எதற்காகத் திரும்பி வந்தாள் என்பதுதான் தூங்கவிடாத கேள்வியாக இருந்தது.

மழைக்காலத்தின் கடைசி ஞாயிறு, மகளும் கூட வந்தாள். வரச்சொல்லி அவர் கேட்கவில்லை. பாசி மேடம் ஒன்றும் விசாரிக்காமல் அவளுக்கொரு சதுரம் ஒதுக்கினார். கையில் வைத்துப் பார்க்கும் லென்ஸ் ஒன்று குறைந்தது. பரவாயில்லை என்றாள் மகள். அவளுக்கும் கிட்டப்பார்வைதான், தாய் வழி.

பத்தடி தள்ளி மண்டியிட்டிருந்த கண்ணாடிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். மகள் தன் கண்ணாடியைக் கழற்றினாள். கிட்டப்பார்வைக்காரர்கள் நுணுக்கமாக எதையாவது பார்க்க வேண்டுமென்றால் செய்வதுதான் அது. கழற்றிய கண்ணாடியைப் பக்கத்திலிருந்த மரத்துண்டின்மேல் பாசியில் வைத்துவிட்டு, வெறும் கண்ணோடு முகத்தைத் தரைக்கருகே கொண்டுபோனாள். அவ்வளவு கிட்டத்தில் என்ன தெரிந்ததோ, அவள் உதட்டில் மெல்லச் சிரிப்பு வந்தது. பிறகு பார்த்துக்கொண்டே முட்டிபோட்டபடி இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள். இன்னும் கொஞ்சம்.

கூப்பிட வாயெடுத்தவர், கூப்பிடாமல் எழுந்து அவள் பக்கம் ஓரடி வைத்தார். அவர் காலடியில் கிளை முறிகிற ஒலி கேட்டு மகள் தலையை உயர்த்தினாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மரங்களுக்கு நடுவே மங்கலாக நின்ற அவர் உருவத்தைப் பார்த்து, யாரென்று தெரியாமலேயே ஒரு புன்னகையை நீட்டினாள்.