சிவப்புப் புள்ளிகள்

கறுப்புத் திரையை இழுத்துவிட்டு, கதவிடுக்கை அட்டையால் மறைத்த பிறகுதான் டோன்கா நுண்ணோக்கியின் விளக்கைப் போட்டாள். வெளியே மார்ச் மாதத்துக் காலை வெயில். உள்ளே இருட்டில், கண்ணாடித் தகட்டில் ஒட்டியிருந்த செல்கள் நீல உருண்டைகளாகத் தெரிந்தன. ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் முதலில் பச்சைப் புள்ளிகளை எண்ண வேண்டும், பிறகு சிவப்பை. பச்சை என்பது பதினேழாம் குரோமோசோமின் நடுப்பகுதி. சிவப்பு, அதே குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணு. ஒழுங்கான செல் என்றால் பச்சை இரண்டு, சிவப்பு இரண்டு.

இந்தத் தகட்டில் பச்சை பெரும்பாலும் இரண்டிரண்டாகத்தான் இருந்தது. சிவப்பு அப்படியில்லை. ஒரு செல்லில் பதினொன்று, அடுத்ததில் பதினாறு. சிலவற்றில் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு கொத்தாகக் கிடந்தன. அந்த மரபணு தன்னைத்தானே படியெடுத்துப் படியெடுத்துப் பெருகியிருந்தது.

இருபது செல்களை எண்ணினால் போதும் என்பது விதி. டோன்கா இருபதை எண்ணி எழுதிவிட்டு, தகட்டை மறு ஓரத்துக்கு நகர்த்தி இன்னொரு இருபதை எண்ணினாள். கணக்கு மாறவில்லை. ஒரு பச்சைக்கு ஐந்து புள்ளி எட்டு சிவப்பு. இரண்டைத் தாண்டினாலே அந்த மரபணுவைக் குறிவைக்கும் மருந்தைக் காப்பீட்டில் கொடுப்பார்கள். விளக்கை அணைத்து, திரையை விலக்கி, அவள் படிவத்தை எடுத்தாள். அதில் இருந்த பெயர் மெத்தோதி கானெவ். வயது நாற்பத்தொன்பது. இரைப்பையில் புற்று. இதே மருத்துவமனையின் கொதிகலன் அறையில் பத்தொன்பது வருடமாக வேலை செய்பவன்.

டோன்கா வெளியே வந்தபோது மெத்தோதி பின்படிக்கட்டில் உட்கார்ந்து தயிரைக் கரண்டி கரண்டியாக விழுங்கிக்கொண்டிருந்தான். ரொட்டி இறங்குவது நின்று ஒரு மாதமாகியிருந்தது.

"என்னக்கா, என் வயித்தைப் பார்த்து முடிச்சாச்சா?"

"எந்தத் தகடு யாருதுன்னு நான் பார்க்கிறதில்ல."

"பொய் சொன்னா உங்களுக்குக் காது சிவக்குது. போன வருஷம் யூனியன் தேர்தல்லயே பார்த்தேன்."

சொல்லக் கூடாது. டாக்டர்தான் சொல்ல வேண்டும். டோன்கா அவனுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

"கெட்டதுல ஒரு நல்லது இருக்கு மெத்தோதி. உன் கட்டியை எது ஓட்டுதுன்னு தெரிஞ்சுபோச்சு. அதை நிறுத்தி வைக்கிற மருந்து இருக்கு."

"குணமாயிடுமா?"

"குணம்னு சொல்ல மாட்டேன். நாள் கிடைக்கும். சில பேருக்கு ஒரு வருஷம். சில பேருக்கு அதுக்கும் மேல."

அவன் கரண்டியை நக்கிவிட்டுச் சிரித்தான். "ஒரு வருஷம்னா புதுக் கொதிகலன் வர்றதைப் பார்த்துடலாம். பதினோரு வருஷமா வருது வருதுங்கறாங்க."

"அதுக்கு ஒரு வருஷம் பத்தாதுடா."

அன்று மாலையே அவன் மனைவி பென்கா ஆய்வகத்துக்கு வந்து டோன்காவின் இரண்டு கைகளையும் பிடித்து முத்தமிட்டாள். ஆண்களுக்கான கோட்டு தைக்கும் தொழிற்சாலையில் வேலை அவளுக்கு. விரல் நுனிகள் ஊசி குத்திக் குத்திச் சொரசொரவென்று இருந்தன.

மறுநாள் மருத்துவமனை இயக்குநர் ராங்கெலொவ் அந்த முடிவுத்தாளை மேசையில் வைத்து, விரலால் நீவியபடி பேசினார்.

"நீங்க எண்ணினா தப்பா இருக்காது டோன்கா. அது எனக்குத் தெரியும். ஆனா நிபுணர் கையெழுத்து இல்லாம இது வெறும் காகிதம்."

"டாக்டர் கிறிஸ்தாகியெவ் இருந்தப்பவும் நான்தானே எண்ணினேன்? அவர் கையெழுத்து மட்டும்தானே போட்டாரு?"

"அந்தக் கையெழுத்துதான் இப்ப ஜெர்மனியில இருக்கே."

ஆய்வகத் தலைவரான கிறிஸ்தாகியெவ் பிப்ரவரியில் போனவர். அந்த இடத்துக்கு இரண்டு முறை விளம்பரம் கொடுத்தும் ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. "தலைநகருக்கு, சோஃபியா ஆய்வகத்துக்கு அனுப்புங்க. அங்க திரும்ப எண்ணட்டும்" என்றார் ராங்கெலொவ்.

மெழுகில் பதித்திருந்த திசுத்துண்டு ஒரு தீப்பெட்டி அளவுகூட இல்லை. டோன்கா அதைப் பஞ்சில் சுற்றி, பெட்டியில் வைத்து, தானே பேருந்து நிலையத்துக்குக் கொண்டுபோய் ஓட்டுநரிடம் கொடுத்தாள். வெயில் படாமல் வைக்கச் சொன்னாள். அவர் அதைத் தன் சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஏப்ரலில் சோஃபியா ஆய்வகத்தில் புள்ளிகளை ஒளிரவைக்கும் சாயம் தீர்ந்துபோயிருந்தது. புதிய டெண்டர் முடிந்த பிறகுதான் வரும் என்றார்கள். டோன்கா திங்கட்கிழமைதோறும் தொலைபேசியில் கேட்டாள். எடுப்பவள் எப்போதும் ஒரே பெண்.

"வரிசையில இருக்கு."

"நான் இங்கே எண்ணிட்டேன்மா. ஐந்து புள்ளி எட்டு. நீங்க ஒரு பத்து நிமிஷம் பார்த்தாப் போதும்."

"நீங்க டாக்டரா?"

"இல்ல. டெக்னீஷியன்."

"அப்போ வரிசையில இருக்கு."

அதற்குள் மெத்தோதிக்குச் சாதாரண மருந்தை ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். மருந்து ஏற்றிய நாளிலும் அவன் கொதிகலன் அறைக்குப் போனான். குழாயைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். மே மாதக் கடைசியில் வால்வைத் திருப்பக் கையில் வலுவில்லாமல் போனது. அவனை மூன்றாம் மாடி வார்டில் சேர்த்தார்கள். டோன்கா மதியத்தில் சூப்பு கொண்டுபோவாள். அவன் நான்கு வாய் குடிப்பான், அதில் இரண்டு திரும்பி வரும்.

ஒருநாள் அவன் சுவரைப் பார்த்தபடி சொன்னான். "அன்னிக்குப் படிக்கட்டுல நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம் அக்கா."

டோன்கா பாத்திரத்தை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை. திருப்பித் திருப்பி மூடினாள்.

"கோவமில்ல. தெரியாம இருந்தா எதுக்கும் காத்திருந்திருக்க மாட்டேன். வீட்டுக்குப் போய் படுத்திருப்பேன். அவ்வளவுதான்."

ஜூன் மூன்றாம் வாரத்தில் முடிவு வந்தது. ஒரு பச்சைக்கு ஐந்து புள்ளி ஏழு சிவப்பு. கீழே இரண்டு நிபுணர்களின் கையெழுத்து, வட்ட முத்திரை. டோன்கா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மூன்று மாடியும் ஓடி ஏறினாள்.

வார்டு டாக்டர் அசெனோவா தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "மருந்தை அனுமதிக்கிற குழு மாசத்துக்கு ஒரு தடவைதான் கூடும். ஜூலை முதல் செவ்வாய். நோயாளி நேர்ல வரணும், தானே நடந்து வரணும். படுக்கையில கிடக்கிறவங்களுக்கு இதைக் கொடுக்கிறதில்லங்கறது விதி."

"மார்ச்சுல நடந்தானே, டாக்டர்."

"தெரியும், டோன்கா."

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கே பென்கா ஒரு பெரிய பையோடு வந்துவிட்டாள். மெத்தோதியின் நல்ல கோட்டைப் பிரித்து, தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த தோள்பட்டைப் பஞ்சை இரண்டிரண்டாக வைத்து, மார்புப் பக்கம் தடித்த கேன்வாஸ் கொடுத்துத் தைத்திருந்தாள். கால்சட்டையின் இடுப்பைப் பதினான்கு சென்டிமீட்டர் பிடித்திருந்தாள். கால்கள் வீங்கியிருந்ததால் ஷூ ஏறவில்லை. கத்தரியால் பின்பக்கத் தோலை வெட்டிவிட்டு மாட்டினாள். பிறகு தன் கைப்பையிலிருந்து சிவப்பு ஒப்பனைச் சாந்தை எடுத்து அவன் கன்னத்தில் தேய்த்தாள்.

"வெக்கமா இருக்குடி. கல்யாணத்தன்னிக்குக்கூட இதெல்லாம் பூசல நான்."

"அசையாத. ஒரு பக்கம் கூடிப்போகும்."

டோன்கா அவன் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தாள். தள்ளி நின்று பார்த்தபோது அவன் கோடை விடுமுறைக்குக் கிளம்பும் அரசு அதிகாரி மாதிரி இருந்தான். சக்கர நாற்காலியில், குழு கூடும் அறை இருந்த தாழ்வாரத்தின் முனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே அவனை எழுப்பிப் பெஞ்சில் உட்காரவைத்து, நாற்காலியைக் கழிவறைக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள் பென்கா. ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார்கள். அவனுக்கு வியர்க்கும்போதெல்லாம் கன்னத்துச் சிவப்பு கலையாமல் நெற்றியை மட்டும் ஒற்றினாள்.

"கானெவ், மெத்தோதி."

கூட வந்தவர்கள் வாசலோடு நிற்க வேண்டும் என்று எழுத்தர் சொன்னாள். கதவு திறந்தே இருந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். மெத்தோதி கதவு நிலையைப் பிடித்திருந்த கையை விட்டான். ஒவ்வோர் அடிக்கும் நின்று, தரையைப் பார்க்காமல் எதிரேயிருந்த சன்னலையே பார்த்துக்கொண்டு நடந்தான். பென்கா உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஆறாவது அடியில் அவன் இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் ஊன்றினான்.

"காலை வணக்கம்" என்றான். குரல் நன்றாகவே வந்தது.

குழுத் தலைவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தாளில் ஏதோ குறித்தார். "நடக்கிறார். மரபணு முடிவு சரியா இருக்கு. எடை எவ்வளவு? மருந்து அளவு எடையை வச்சுத்தான்."

"இங்கே எழுதலை" என்றாள் எழுத்தர்.

மூலையில் எடை இயந்திரம் இருந்தது. நர்ஸ் வந்து அவன் முழங்கையைப் பிடித்தாள். "கோட்டைக் கழட்டிட்டு ஏறுங்க."

"அவருக்குக் குளிருது!" என்று வாசலிலிருந்து கத்தினாள் பென்கா. வெளியே முப்பத்தாறு டிகிரி வெயில்.

நர்ஸ் பொத்தான்களைக் கழற்றினாள். கோட்டை உருவி நாற்காலியின் முதுகில் மாட்டினாள். உள்ளேயிருந்து சட்டையும் எலும்பும் வெளியே வந்தன. அவனை எடை இயந்திரத்தில் ஏற்றி, விழாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். நாற்பத்து நான்கு என்று வாசித்தாள். தலைவரின் பேனா நின்றது. அவர் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். அவரும் தலையசைத்தார். தலைவர் முன்பு குறித்ததைக் குறுக்கே அடித்தார். எழுத்தர் அடுத்த கோப்பைத் திறந்து வேறொரு பெயரைக் கூப்பிட்டாள்.

டோன்கா உள்ளே போய் மெத்தோதியைத் தாங்கிக்கொண்டாள். கன்னத்துச் சிவப்பு அவள் தோளில் ஒட்டியது. மேசைக்கு எதிரே, நாற்காலியில், பென்கா தைத்த கோட்டு அகன்ற தோளும் நிறைந்த மார்புமாக, ஆரோக்கியமான ஓர் ஆளைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.