பூஜ்யம் போட்ட வட்டாரம்

கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபோதுதான் பூங்காவனம் அந்தத் தாளை முதன்முதலில் பார்த்தாள். அவள் புருஷன் மருதமுத்து மலாக்கா டவுனில் ஒரு சுகாதார ஆபீஸில் பியூன். சனிக்கிழமை தவறாமல் பஸ் பிடித்து, ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்த அவளிடம் வருவான். வரும்போது, அறிவிப்புப் பலகையிலிருந்து கழற்றிய பழைய தாளில் எதையாவது சுற்றிக்கொண்டு வருவான். ஊரைச் சின்னச் சின்ன வட்டாரமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அந்த மாதம் எத்தனை பிறந்தது, எத்தனை செத்தது, செத்ததில் ஒரு வயசு நிறையாத பிள்ளை எத்தனை என்று கட்டம் போட்டு அடித்த தாள். மாதாமாதம் பசை தடவி அதை ஒட்டுவது அவன் வேலை.

"ஊரு எப்படி இருக்குன்னு ஜனங்க தெரிஞ்சிக்கட்டும்னு ஒட்டச் சொல்றாங்க. ஒருத்தனும் ஏறெடுத்துப் பாக்கல. ஆடுதான் பசைக்காக நக்கிட்டுப் போவுது" என்று சிரித்தான்.

பூங்காவனம் சிரிக்கவில்லை. லயத்துக்குப் பின்னாலிருந்த மண்மேட்டில் அவள் பிள்ளைகள் இரண்டு கிடந்தன. ஒன்றுக்கு நாற்பது நாள், இன்னொன்றுக்கு ஒன்பது மாதம். இப்போது மூன்றாவது வயிற்றில். அந்தத் தாளின் கடைசிக் கட்டத்தில் ஊரிலுள்ள அத்தனை வீட்டுத் தொட்டிலும் வரிசையாகத் தொங்குவதுபோல் அவளுக்குத் தோன்றியது. எது ஆடுகிறது, எது நின்றுபோனது என்று யாரோ பார்த்து எழுதி வைத்திருக்கிறார்களே! அவள் தாளை மடித்து எடுத்து வைத்தாள்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் படித்தவள். இலக்கம் தெரியும். ஊர்ப் பெயர்களை அவன் வாயால் சொல்லக் கேட்டு, எழுத்தின் உருவத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆறு மாதத்துத் தாளைச் சேர்த்துக் கடைசிக் கட்டத்தை மட்டும் ஒரு நோட்டில் எழுதினாள். செமாபோக்கில் ஒரு மாதம் இரண்டு, மறுமாதம் ஒன்று. உஜோங் பாசிரில் மூன்று. பத்து பெரெண்டாமில் விடாமல் ஒன்று. காஜா பேராங் மூன்றாம் வட்டாரத்தில் மட்டும் ஆறு மாதமும் பூஜ்யம். முட்டைகளை அடுக்கி வைத்தாற்போல.

"காஜா பேராங்னா மலாயில என்னா?"

"கோவம் வந்த யானை."

"அப்ப அங்கயே வீடு பாருங்க. எமனே பயந்துகிட்டுச் சுத்திப் போறான் போலருக்கு."

"வீடு பாக்கச் சொன்னா தண்ணி உண்டா, பாசார் கடைத்தெரு கிட்டயான்னு கேப்பாங்க. நீ சாவு கேக்குறியே புள்ள!"

"எனக்கு வேற என்னா கேக்கத் தெரியும், சொல்லுங்க."

அவன் அந்த வட்டாரத்திலேயே விசாரித்தான். அடுத்த மாதமே ஒரு பலகை வீட்டு வரிசையில் அறை பிடித்தான். ஐந்து வாசல், பின்னால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு; மூன்றாம் வட்டாரத்துக் குடித்தனமே அவ்வளவுதான். எதிர்ச்சந்து அடுத்த வட்டாரம், அங்கே தமிழ் மறந்துபோன மலாக்கா செட்டிக் குடும்பங்கள். பெண்கள் சாரோங் கைலியும் கெபாயாச் சட்டையுமாக, நெற்றியில் திருநீறு பளிச்சென்று, மலாய் பேசிக்கொண்டு கோயிலுக்குப் போவதை முதல் நாள் பூங்காவனம் வாய் பிளந்து பார்த்தாள். நல்ல ஊர்தான், மனசுக்குப் பட்டது. சுவர்ப் பலகை இடுக்கில் காற்று அடித்ததால் மருதமுத்து அந்தப் பழைய தாள்களையே ஒட்டி அடைத்தான். எழுத்துப் பக்கம் சுவரைப் பார்க்கும்படி ஒட்டினான். வயிற்றுப் பிள்ளைக்காரி கண் விழிக்கையில் சாவுக் கணக்கிலா விழிப்பது?

அடுத்த வாசலில் கமலவேணி. ஐம்பதை எட்டுகிற மனுஷி, வாய் நீளம், மனசு அதைவிட நீளம். அவள் மருமகள் விஜயாவுக்கும் மாதம் ஒன்பது. ஆகஸ்ட் பாதியில், தெருவெல்லாம் மெர்டேக்கா சுதந்திர நாளுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், விஜயா துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு அவள் அம்மா வந்து தோட்டத்துக்குக் கூட்டிப்போகிறாளாம்.

"ஏங்க்கா, இங்கயே பெத்துக்கலாமே?" என்று கிணற்றடியில் நின்ற கமலவேணியைக் கேட்டாள் பூங்காவனம்.

"பெத்தவ வீட்டுக்குப் போகாம எவடி இங்க பெத்தா? இந்த வரிசையில ஒருத்தியும் பெத்ததில்ல. மொதப் பிள்ளைன்னு இல்ல, எல்லாப் பிள்ளையும் அம்மா வீட்லதான். மூணாம் மாசம் தூக்கிக்கிட்டு வருவோம். நீ ஒருத்திதான் மகாராணி மாதிரி இங்கயே உக்காந்திருக்க."

"எனக்கு அம்மா இல்லக்கா."

கமலவேணி கிணற்றில் வாளியை இறக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "எனக்கும் ரெண்டு போச்சு. ரெண்டுக்கும் இங்க தூக்கிட்டு வந்தப்புறம், ஏழாம் மாசம் வயித்தால போக ஆரம்பிச்சிச்சு. அள்ளிக்கிட்டு எங்கம்மா தோட்டத்துக்கு ஓடினேன். அங்க ஆஸ்பத்திரியிலதான் கண்ண மூடிச்சு. கடைசி வீட்டுக்காரிக்கும் அப்படித்தான். புள்ளைக்கு ஒண்ணுன்னா நம்ம ஜனங்க தோட்டத்துக்குத்தானே ஓடும்?"

வாளி தண்ணீரில் மோதிய சத்தம் கேட்டதும் பூங்காவனம் திரும்பி நடந்தாள்.

அவள் எப்படி அறைக்குள் வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வெந்நீரில் துணி நனைத்துச் சுவரில் ஒற்றினாள். ஊறிய தாளை நகத்தால் நெம்பி, ஒவ்வொன்றாக உரித்தாள். எழுத்து பின்பக்கத்திலிருந்து மெல்லத் தெரிந்தது. நோட்டில் அவள் எழுதாமல் விட்ட கட்டம் ஒன்று உண்டல்லவா? பிறப்பு. பிறந்தது நமக்கெதற்கு, செத்ததைத்தானே பார்க்க வேண்டும் என்று தள்ளிய கட்டம். மூன்றாம் வட்டாரத்துக்கு நேரே விரலை வைத்தாள். பூஜ்யம். அடுத்த தாள், பூஜ்யம். ஆறிலும் பூஜ்யம்.

பிறக்காத இடத்தில் சாவு எங்கிருந்து வரும்? இந்த வரிசையில் போன பிள்ளைகளெல்லாம் எங்கோ ஒரு தோட்டத்தின் கட்டத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அப்படியானால் தன் தோட்டத்துக் கணக்கில் டவுன் பிள்ளைகள் எத்தனை? அங்கே பயந்தது சரியா, இங்கே நம்பியது சரியா? ஈரத் தாள் கையில் பிய்ந்துகொண்டு வந்தது. வயிற்றுக்குள் பிள்ளை ஒரு புரள் புரண்டது.

சாயங்காலம் வந்த மருதமுத்து, உரிந்த சுவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். விஷயத்தைக் கேட்டதும் கதவோரம் உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கு எப்படித் தெரியும் பூங்காவனம்? நான் ஒட்டுறவன். படிக்கிறவனா?"

"உங்களச் சொல்லல. நான் படிச்சேன்ல, என்னையச் சொல்லுங்க."

கமலவேணிதான் வழி சொன்னாள். நாளைக்கு விஜயாவோடு இவளும் போகட்டும், சம்பந்தியம்மா பொன்னம்மா தங்கமானவள், இரண்டு பிரசவமும் ஒரே வீட்டில் ஆகட்டும். மறுநாள் காலை மூட்டையோடு பஸ்ஸடிக்குப் போனார்கள். பொன்னம்மா மகளை ஏற்றிவிட்டு, "வா தாயி, மெதுவா" என்று பூங்காவனத்துக்கும் கை நீட்டினாள். பூங்காவனம் ஒரு காலைப் படியில் வைத்தாள். உள்ளே யாரோ ரப்பர் பால் வாடையடிக்கும் உடுப்போடு உட்கார்ந்திருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும், மண்மேடும் அதன்மேல் அவள் வைத்த இரண்டு கல்லும் கண்முன் வந்தன. கால் மேலே ஏற மறுத்தது. இறங்கிவிட்டாள். துணிச்சலால் அல்ல. தெரியாத பயத்துக்கும் தெரிந்த பயத்துக்கும் நடுவே, கால்தான் முடிவு செய்தது.

வயித்தால போன பிள்ளைகளும் அந்தப் பொதுக் கிணறும் மனசில் கிடந்ததால், அன்றிலிருந்து ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணீர் அவள் வாயில் படவில்லை. குடிக்க, கழுவ, துடைக்க எல்லாம் காய்ச்சிய தண்ணீர். "விட்டா கெணத்துக்கு அடியிலயே அடுப்பு மூட்டிருவா" என்று கமலவேணி கேலி செய்தாள். செய்துகொண்டே விறகும் கொண்டுவந்து போட்டாள்.

மெர்டேக்கா ஆகி நான்காம் நாள், மலாய் மருத்துவச்சி கையில் பெண் பிள்ளை பிறந்தது. தெருவில் கொடிகள் மழையில் நனைந்து தொங்கின. பிள்ளை வீரிட்டு அழ, ஐந்து வாசல்காரிகளும் இங்கே கேட்காத சத்தத்தைக் கேட்டவர்களாக எட்டிப் பார்த்தார்கள்.

"ஆபீஸ்ல போயி எழுத வேணாம் தம்பி" என்று கமலவேணி மருதமுத்துவை மறித்தாள். "எழுதினா கண்ணு படும். எழுதாம இருந்தாத்தான் தங்கும்."

பூங்காவனத்துக்கும் அதே பயம். எழுதாத பிள்ளையைக் கழிக்க முடியாது. எழுதிவிட்டால், பக்கத்துக் கட்டம் வாய் திறந்து காத்திருக்குமே! இரண்டு நாள் யோசித்தாள். அடுத்து வீடு தேடி இந்தத் தாளைப் பார்க்கப்போகிறவள் ஒருத்தி, எங்கோ ஒரு லயத்தில், தன்னைப்போலவே விரலால் தடவி, பூஜ்யத்தை நம்பிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தாள்.

"போயி எழுதிட்டு வாங்க" என்றாள். சொல்லும்போது பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

நாற்பது நாள் கழிந்து, அக்டோபர் மத்தியில் பிள்ளையை மார்போடு சாய்த்துக்கொண்டு ஆபீஸுக்கு நடந்தாள். மருதமுத்து புதுத் தாளை அப்போதுதான் பலகையில் ஒட்டிக்கொண்டிருந்தான். மெர்டேக்கா சுவரொட்டியின் மேலேயே ஒட்டினான். மஞ்சள் நிறம் தாளுக்கடியில் நிழலாடியது.

மூன்றாம் வட்டாரம். பிறப்பு, ஒன்று.

பூஜ்யங்களாகவே பார்த்துப் பழகிய இடத்தில் அது மட்டும் துணையில்லாமல் நின்றது. கடைசிக் கட்டத்தைக் கையால் மறைத்தாள். பிறகு விரலை ஒவ்வொன்றாக விலக்கினாள். பூஜ்யம்.

"பாத்தியா? நான் சொல்லல?" என்றான் மருதமுத்து.

"இது போன மாசத்துத் தாளுங்க" என்றாள். "ஒரு வயசு நிறைய இன்னும் பதினோரு மாசம் இருக்கு."

பிள்ளையின் நெற்றியில் உதட்டை வைத்தாள். சுட்டது. நடந்து வந்த வெயிலாக இருக்கும். மறுபடியும் வைத்துப் பார்த்தாள். தாளுக்கு மேலிருந்து ஒரு சொட்டுப் பசை கசிந்து, அந்த ஒன்றைத் தொட்டு, மெதுவாகப் பக்கத்துச் சாவுக் கட்டத்தை நோக்கிச் சரிந்தது. பூங்காவனம் முந்தானையை எடுத்து அதை அங்கேயே ஒற்றி நிறுத்தினாள்.