காவுப்புழையில் பூஜ்யம்

கல்லூரி ஆப்ஷனைப் பூட்ட இன்னும் இருபத்திரண்டு மணி நேரம் இருந்தது. நாளை மாலை ஐந்து மணிக்குள் இந்துவின் முதல் விருப்பமாக ஒரு கல்லூரியைப் பதிந்தாக வேண்டும். பிறகு மாற்ற முடியாது. தேவிகுளத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கிற மாரீஸ்வரி, நாள் முழுக்க ஊரார் பிள்ளைகளுக்கு இதே படிவத்தை நிரப்பிக் கொடுத்தாள். தங்கை இந்துவின் படிவத்தை மட்டும் நிரப்பாமல் எஸ்டேட் லைன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அப்பா சுருளிவேல் பேப்பரில் கத்தரித்த ஒரு துண்டோடு காத்திருந்தார். எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடை போடுகிறவர். பதினெட்டு வருடமாகத் தராசடியில் நிற்பதால், எதையும் நிறுத்துப் பார்க்காமல் அவருக்கு முடிவு சொல்ல வராது.

“வா பிள்ள. யூனியன் ஆபீஸ்ல ஜோஸ் குடுத்தாரு. எந்தெந்த காலேஜ் ஊர்ல பொம்பளப் பிள்ளைகளுக்குத் தொந்தரவு குடுத்ததா எத்தனை கேஸுன்னு போட்டிருக்காம். மலையாளத்தை நான் எழுத்துக்கூட்டி முடிக்குறதுக்குள்ள இந்து டிகிரியே வாங்கிருவா. நீ பாரு.”

இந்துவுக்குக் கிடைக்கக்கூடியவை இரண்டே ஊர்கள். பாலக்காட்டுப் பக்கம் காவுப்புழை. இடுக்கியிலேயே மலை இறங்குகிற இடத்தில் தட்டாம்பாறை. மாரி மூன்று வருடம் புள்ளியியல் படித்தது காவுப்புழையில்தான்.

“போன வருஷம் தட்டாம்பாறையில முப்பத்தொண்ணு. காவுப்புழையில ரெண்டு.”

“முடிஞ்சுது சோலி.”

“அப்படிப் பாக்கக் கூடாதுப்பா. ஜனத்தொகையால வகுக்கணும்.”

“வகு.”

வகுத்தாள். லட்சம் பேருக்கு தட்டாம்பாறையில் அறுபத்து நாலரை. காவுப்புழையில் ஒன்பதரை.

“வகுத்தும் அதேதான வருது?” என்றாள் அடுப்படியிலிருந்து அம்மா அழகுத்தாய்.

“ஹோஸ்டல் பிள்ளைகளை ஜனத்தொகையில சேக்கல. தட்டாம்பாறையில அஞ்சு காலேஜ். அதையும் சேத்தா அம்பதுக்கு இறங்கும்.”

“அம்பது பெருசா, ஒன்பது பெருசா?” என்றார் அப்பா.

“அங்க லேடீஸ் போலீஸ் ஸ்டேஷன் காலேஜுக்கு எதுத்தாப்புலயே இருக்கு. அதனால எல்லாரும் போய் புகார் எழுதிக் குடுப்பாக.”

“எழுதிக் குடுக்க என்னமோ நடக்கப்போய்த்தான எழுதிக் குடுக்காக?”

இந்து காவுப்புழைக்குப் போகக் கூடாது. மாரிக்கு வேண்டியது அவ்வளவுதான். ஏன் என்று சொல்லாமலே அதை நிரூபிக்கத்தான் அவள் கணக்கில் இத்தனை ஓட்டை தேடினாள். தேடத் தேட ஓட்டைகள் கிடைத்தன. விடை மட்டும் மாறவில்லை.

“ஒரு வருஷத்தை வச்சுச் சொல்லப்படாது,” என்றார் அப்பா. “மழை வருஷம் வேற, வெயில் வருஷம் வேற. பேப்பர்ல மூணு வருஷத்துக்கும் இருக்குல்ல? கட்டம் போட்டு எழுது.”

இந்துவின் நோட்டில் கட்டம் போட்டாள். போன வருடம் காவுப்புழை இரண்டு. அதற்கு முந்தின வருடம் ஒன்று. அதற்கும் முந்தின வருடம் பூஜ்யம். அப்போது மாரி இரண்டாம் ஆண்டு. பென்சில் அந்தப் பூஜ்யத்தின் மேலேயே இன்னொரு சுற்றுச் சுற்றி வந்தது. தன் கைதான் அது என்பதை அவள் தூரத்திலிருந்து பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“பாத்தியாம்மா,” என்றாள் இந்து. “அக்கா இருந்தப்ப ஊரே பயந்து அடங்கிக் கெடந்திருக்கு.”

“அந்த வருஷந்தானட்டி இவ போனைத் தொலைச்சா? கள்ளனே இல்லாத ஊர்ல போனைத் தொலைச்சிட்டு வந்த ஒரே ஆளு நம்ம மகதான்,” என்றாள் அம்மா.

இது வீட்டில் பழகிப்போன கேலி. எதைக் காணோம் என்றாலும், கரண்டியைக் காணோம் என்றாலும், மாரி காவுப்புழைக்குக் கொண்டுபோய்விட்டாளா என்பார்கள். மாரியும் சிரிப்பாள். இன்றும் வாய் தானாகச் சிரித்தது. போன் தொலைந்ததாக ஸ்டேஷனில் கொடுத்த ரசீது அவள் சான்றிதழ்க் கவரில் இன்னும் இருந்தது. புது சிம் வாங்க அது வேண்டியிருந்தது. வாங்கிய பிறகும் தூக்கிப் போடவில்லை.

“சரி. காவுப்புழையைப் பூட்டிரு,” என்றார் அப்பா.

அவள் போனில் படிவத்தைத் திறந்தாள். இந்து தோளில் வந்து சாய்ந்தாள்.

“அதே ஹோஸ்டல்தான்க்கா. உன் கட்டிலையே கேட்டு வாங்கிக்கிடுவேன். பின்பக்கமா குளத்து ரோட்டுல போனா காலேஜுக்கு அஞ்சே நிமிஷமாம்ல?”

மாரியின் விரல் திரைக்கு மேலே நின்றது. குளிரில் மரத்துப்போன இடத்தைத் தொட்டால் தெரியாதே, அப்படி இருந்தது. சோறு கொதிக்கிற சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

“அப்பா.”

“என்னம்மா?”

“போன வாரம் மழையில லாரி வராம கொழுந்து சாக்குக்குள்ளயே சூடேறி வெந்துபோச்சுன்னு மாரப்பன் ஆளுக ரெண்டு சாக்கை ஓடையில கொட்டுனாகன்னு சொன்னீகளே. அது உங்க ஏட்டுல இருக்கா?”

“எப்படி இருக்கும்? தராசுக்கு வந்தாத்தான ஏட்டுல ஏறும்.”

“அப்ப அன்னைக்கு அவுக பறிக்கலையா?”

“பறிச்சாக. பொழுதுக்கும் நனைஞ்சுக்கிட்டே பறிச்சாக. இப்ப எதுக்கு அது?”

அவள் நோட்டைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள். பூஜ்யத்தின் மேல் விரலை வைத்தாள்.

“இதும் அப்படித்தான்ப்பா.”

அம்மா அகப்பையோடு நிலைவாசலுக்கு வந்து நின்றாள். இந்து தோளிலிருந்து தலையை எடுத்தாள். அப்பா அந்த விரலையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்ன பிள்ள சொல்லுத?”

“போன் தொலையல,” என்றாள் மாரி. வீட்டுப்பாடம் ஒப்பிக்கிற குரல்தான் வந்தது. “குளத்து ரோட்டுல ஒருத்தன் என்னைப் பின்னால இருந்து பிடிச்சு, சுவத்தோட அமுக்கி வச்சான். சாயங்காலம் ஆறு மணி. ஹோஸ்டலுக்குக் கூப்பிடப் போனை எடுத்தேன், அதைப் பிடுங்கிக் குளத்துல எறிஞ்சான். கையைக் கடிச்சிட்டுத்தான் ஓடி வந்தேன். தொலைஞ்சு போச்சுன்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தது நான்தான்ப்பா.”