ஒன்பதாம் தேதி எடுத்த பேக்கப்

எனக்குச் சாதாரணமாகக் கோபம் வராது. வந்தால் அதற்கு என் கணவர் எபனேசர்தான் காரணமாக இருப்பார். வேண்டுமானால் எங்கள் தெருவில் யாரிடமும் கேட்டுப் பாருங்கள்.

அன்று செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை மணிக்கு மின்சாரம் போனது. உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கிடந்த யூபிஎஸ் இரண்டு தடவை கீச் கீச்சென்று கத்திவிட்டு அதுவும் அணைந்தது. சரியாக அந்த நேரத்தில்தான் நான் என் ஆய்வேட்டைச் சேமித்துக்கொண்டிருந்தேன். மின்சாரம் வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டுப் பைலைத் திறந்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு வெள்ளைப் பக்கம் இருந்தது. அட்டவணை இல்லை, அடிக்குறிப்பு இல்லை, ஞானதீபம் என்ற என் பெயர்கூட இல்லை.

ஏழு வருட உழைப்பு அது. தூத்துக்குடி மக்ரூன் பேக்கரிகளின் விற்பனை முறைகள் பற்றிய ஆய்வு. சாத்தான்குளத்தில் வணிகவியல் டீச்சராக இருந்தபோது பதிவு செய்தேன், ஓய்வுபெற்ற பிறகும் விடாமல் செய்தேன். நாற்பத்தோரு பேக்கரிகளுக்கு ஸ்கூட்டரில் என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் எபனேசர். நான் கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டிருப்பேன், அவர் மக்ரூனை ருசி பார்த்துக்கொண்டிருப்பார். என் ஆய்வால் உலகத்துக்கு என்ன கிடைத்ததோ தெரியாது, அவருக்குச் சர்க்கரை நோய் கிடைத்தது.

பல்கலைக்கழகத்தில் இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் பதிவே ரத்து. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அறுபதைத் தாண்டிய வயதில் அது நடக்காது என்று எனக்குத் தெரியும்.

வேறு நகல் இல்லையா என்று கேட்பீர்கள். முதல் இரண்டு அத்தியாயத்தின் அச்சுப்பிரதி மட்டும் என் வழிகாட்டியிடம் இருந்தது. பள்ளிக்கூடத்துப் பென்டிரைவ் ஒருமுறை வைரஸைக் கொண்டுவந்ததிலிருந்து எந்தப் பென்டிரைவும் எங்கள் வாசல்படி ஏறக்கூடாது என்று நான்தான் சட்டம் போட்டிருந்தேன். இமெயிலில் போட்டு வைக்கவா என்று கேட்டதற்கு, அதெல்லாம் எதற்கு என்று சொன்னவர் எபனேசர்.

அவர் துறைமுகத்தில் மின்பிரிவில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். நாற்பது டன் கிரேனைப் பழுது பார்த்தவருக்கு நாலு கிலோ கம்ப்யூட்டர் ஒரு பொருட்டா? நாலு வருடத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் வாங்கிய அன்றே ஒரு ஹார்டு டிஸ்க்கைப் பின்னால் மாட்டி, கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் பேக்கப் வசதியைப் போட்டுவிட்டார். வாராவாரம் தானாக நகல் எடுத்து வைக்கும், நீ மறந்தாலும் அது மறக்காது என்றார். நானும் நம்பினேன்.

என் பங்குக்கு நானும் அந்தக் கம்ப்யூட்டரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். பூவேலை செய்த உறை தைத்துப் போட்டிருந்தேன். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தவறாமல் பிளக்கைப் பிடுங்கி, உறையை மாட்டிவிடுவேன். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கர்த்தருடைய நாள். அயர்ன் பாக்ஸ் சூடாகாது, டிவி ஓடாது, கடையில் ஒரு தீப்பெட்டிகூட வாங்க மாட்டோம், குழம்பைச் சனிக்கிழமையே வைத்துவிடுவேன். மனிதர்களுக்கு ஓய்வு என்றால் மெஷினுக்கும் ஓய்வுதானே. எபனேசர் வேலையில் இருந்த காலத்தில் ஞாயிறு ஷிப்ட் வந்தால் கப்பலுக்காகப் பொறுத்துக்கொண்டேன். ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு அந்தச் சலுகையும் போய்விட்டது.

நான் போட்ட கூச்சலில் எபனேசர் பாதி சவரம் செய்த முகத்தோடு ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். இதற்குத்தானே பேக்கப் என்று சொல்லி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து ரீஸ்டோர் பகுதியைத் திறந்தார். திரையில் சின்னதாக ஒரு பெட்டி வந்தது. குனிந்து பார்த்தார். பின்னாலிருந்து நானும் குனிந்தேன். படக்கென்று அதை மூடிவிட்டார்.

என்ன ஆயிற்று என்று கேட்டேன். கோளாறாக இருக்கிறது, ரீஸ்டோர் சரியாக வேலை செய்யவில்லை என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. சோப்பு மட்டும் இருந்தது.

அதிலிருந்து ஆரம்பித்தது கூத்து. சிஸ்டம் ரீஸ்டோர் என்று இன்னொன்று இருக்கிறது, அது கம்ப்யூட்டரையே பழைய தேதிக்குக் கொண்டுபோகும் என்றார். கம்ப்யூட்டர் ஒன்றரை மணி நேரம் முனகியது. முடிந்தபோது பிரிண்டர் காணாமல் போயிருந்தது, தமிழில் டைப் அடிக்கும் வசதி போயிருந்தது, ஆய்வேடு மட்டும் அதே வெள்ளையாக இருந்தது. சிஸ்டம் ரீஸ்டோர் நாம் எழுதிய பைலைத் தொடவே தொடாது என்பதை அவர் அதற்குப் பிறகுதான் படித்தார். பைலின் மேல் மவுஸை வைத்துப் பழைய பதிப்பைத் தேடினார். பழைய பதிப்பு எதுவும் இல்லை என்று அது பதில் சொன்னது. போன பிரிண்டரையும் தமிழையும் திரும்பக் கொண்டுவரவே சாயங்காலம் ஆகிவிட்டது.

இதற்கு நடுவில் என்னை அந்த அறையிலிருந்து கிளப்புவதிலேயே குறியாக இருந்தார்.

"ஏளா, நீ போய்ச் செத்த நேரம் படு. நான் பாத்துக்கிடுதேன்" என்றார். எனக்குத் தூக்கம் வரவில்லை என்றேன். ஜெபக்கூட்டம் இருக்கிறதே என்று நினைவுபடுத்தினார். அது வியாழக்கிழமை என்றேன். கடைசியில், மார்க்கெட்டில் நல்ல சீலா வந்திருக்கிறதாம், போய் வாங்கி வா என்றார். முப்பத்தைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் இவர் என்னை மீன் வாங்க அனுப்பியதே இல்லை. எனக்கு மீனின் செவுளைப் பார்த்து வாங்கத் தெரியாது என்பது அவருடைய கட்சி. பதற்றத்தில் மனுஷனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்தேன். நாற்காலியை விட்டு அசையவில்லை. சாப்பாட்டுத் தட்டையும் அங்கேயே வைத்துக்கொண்டேன், ராத்திரி பாயையும் அங்கேயே விரித்தேன்.

புதன்கிழமை காலை குளிக்கப் போய்விட்டு ஐந்து நிமிடத்தில் வந்தேன். எதையோ அவசர அவசரமாக மூடினார். என்ன என்று கேட்டதற்கு, ஏன் இவ்வளவு சீக்கிரம் குளித்தாய் என்று என்னைக் கேட்டார். அத்தோடு என் பொறுமை போயிற்று. பிலோமிக்குப் போன் போட்டேன்.

பிலோமி கடற்கரைப் பக்கம் கடை வைத்திருக்கிறாள். விசைப்படகுகளின் ஜிபிஎஸ் கருவியும் பார்ப்பாள், கம்ப்யூட்டரும் பார்ப்பாள். வெளியாள் எதற்கு, நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று எபனேசர் குறுக்கே விழுந்தார். இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது, நீங்கள் பார்த்த லட்சணம் போதும் என்று சொல்லிவிட்டேன்.

பிலோமி மதியம் வந்தாள். வந்ததும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். ரீஸ்டோர் பகுதியைத் திறந்தாள். அதே சின்னப் பெட்டி வந்தது. எபனேசர் ஜன்னல் பக்கம் போய் வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர், ஒண்ணும் பயப்படாதீங்க. பேக்கப் ஒண்ணு இருக்கு, நல்லா இருக்கு" என்றாள் பிலோமி. "இந்த மாசம் ஒன்பதாம் தேதி. ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஏழு மணி."

இருக்க முடியாது என்றேன். அவள் மறுபடி பார்த்துவிட்டு அதே தேதியைச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் ஓடாது, நாலு வருடமாக ஒரு ஞாயிறுகூட ஓடியது கிடையாது, உன்னுடைய தேதிதான் தப்பு என்று அடித்துப் பேசினேன். அதுவும் ஒன்பதாம் தேதி நான் சாயர்புரத்தில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் இருந்தேன். சனிக்கிழமை போய்த் திங்கள்கிழமைதான் திரும்பினேன். வீட்டில் இருந்தவர் எபனேசர் மட்டும்தான்.

இதைச் சொல்லிக்கொண்டே வந்து அங்கே நிறுத்தினேன். எபனேசர் வேப்பமரத்தை விடவில்லை.

"இங்க பாருங்க" என்றேன்.

"கிரிக்கெட்டு பைனல் ளா" என்றார், மரத்தைப் பார்த்தே. "டிவிய போட்டா சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேக்கும், உன் காதுக்கு வந்திரும். அதான் இதுல பாத்தேன்."

பூவேலை உறையைக் கழற்றிவிட்டுக் கர்த்தருடைய நாளில் கிரிக்கெட் பார்த்திருக்கிறார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வார்த்தை வந்ததோ. சபையில் காணிக்கைப் பை பிடிக்கிற கை செய்கிற வேலையா இது என்று தொடங்கி, அவருடைய ஞானஸ்நானம் வரைக்கும் போய்விட்டேன். பிலோமி நடுவில் புகுந்து, தங்கள் கத்தோலிக்க வீட்டில் பூசை முடிந்து வந்தால் பிரியாணியும் மேட்சும்தான் என்று சமாதானம் சொன்னாள். அது உங்கள் வழக்கம் என்றேன். இரண்டு நாளாக என்னை மீன் வாங்கப் போ, படுக்கப் போ என்று விரட்டியதெல்லாம் இதை மறைக்கத்தானா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். நான் வெளியே போயிருந்தால் கமுக்கமாக ரீஸ்டோர் செய்துவிட்டு, எப்படியோ வந்துவிட்டது என்று சொல்லியிருப்பாராம். நானும் ஸ்தோத்திரம் சொல்லிச் சபையில் சாட்சி கொடுத்திருப்பேன்.

அப்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வாராவாரம் பேக்கப் எடுக்கும் என்றுதானே சொன்னார். நாலு வருடத்துக்கு இருநூறு பேக்கப் இருக்க வேண்டாமா? மற்றதெல்லாம் எங்கே? இந்த மனுஷன் அதையும் கெடுத்து வைத்திருக்கிறார் என்று பிலோமியிடம் முறையிட்டேன்.

பிலோமி அமைப்பைத் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு ஞாயிறும் மாலை ஏழு மணி என்று இருந்தது. யாரும் மாற்றவில்லை என்றால் கம்ப்யூட்டர் தானாக வைத்துக்கொள்ளும் நேரம் அதுதானாம். அந்த நேரத்தில் மெஷின் அணைந்திருந்தால் அந்த வாரத்தை விட்டுவிட்டு அடுத்த வாரத்துக்குக் காத்திருக்குமாம்.

"ஞாயித்துக்கெழம ஆஃப் பண்ணி வப்பியளா டீச்சர்?" என்று கேட்டாள்.

"ஆஃப் பண்ணுறது என்ன, சனிக்கிழமையே பிளக்கப் பிடுங்கிருவேன்" என்றேன் பெருமையாக. சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது.

திங்கள்கிழமை காலைகளில் திரையின் மூலையில் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். பேக்கப் என்று என்னவோ எழுதியிருக்கும். ஏதோ விளம்பரம் என்று நினைத்துப் பெருக்கல் குறியை அழுத்தி மூடிவிடுவேன். எத்தனை பெட்டியை மூடியிருப்பேன் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பிலோமி எபனேசரைப் பார்த்தாள். "அண்ணாச்சி, ஒங்களுக்கு இது செவ்வாக்கெழமையே தெரிஞ்சிருக்கும்லா. டீச்சர் பிளக்கப் பிடுங்குனதுதான் காரணம்னு சொல்லிருக்கலாமே."

"எப்படிச் சொல்ல பிள்ள" என்றார் எபனேசர். "அவ பிளக்கும் என் மேட்சும் ஒரே தேதியிலல்லா கெடக்கு. ஒண்ணச் சொன்னா இன்னொண்ணும் வரும். அதோட, ஏழு வருஷம் எழுதுனவ கிட்ட ஒன் கையாலதான் போச்சுன்னு நான் எப்படிச் சொல்ல?"

சமையலறைக்குப் போய் மூன்று பேருக்கும் காப்பி போட்டுக்கொண்டு வந்தேன். பிலோமிக்கு மக்ரூன் வைத்தேன். எபனேசருக்கும் ஒன்று வைத்தேன், சர்க்கரை இருந்தாலும்.

இருபது நிமிடத்தில் பைல் வந்தது. பிலோமி திறந்து காட்டினாள். தலைப்பு, என் பெயர், அட்டவணைகள், நாற்பத்தோரு பேக்கரிகள், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. நான் அழுதுவிட்டேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அத்தியாயங்களைப் பிப்ரவரியிலேயே முடித்திருந்ததால் ஒன்பதாம் தேதிக்குப் பின் செய்த சின்ன வேலைகள்தான் போயிருந்தன. துணைநூல் பட்டியலில் கொஞ்சம், ஓரத்து இடைவெளிகள், பிறகு நன்றியுரை முழுவதும். பிலோமி கிளம்புவதற்கு முன் பேக்கப் நேரத்தைப் புதன்கிழமைக்கு மாற்றினாள். ஆய்வேட்டை எனக்கே இமெயிலிலும் அனுப்பி வைத்தாள்.

வியாழக்கிழமை முழுவதும் உட்கார்ந்து போனதையெல்லாம் சரி செய்தேன். கடைசியாக நன்றியுரைக்கு வந்தேன். பழைய நன்றியுரையில் வழிகாட்டி, பேக்கரி முதலாளிகள், நூலகர், என் தங்கை என்று ஒன்றரைப் பக்கம் போன பிறகு, வாகனம் ஓட்டி உதவிய கணவருக்கும் நன்றி என்று அரை வரி இருந்தது. அதை அப்படியே திரும்ப எழுதத்தான் உட்கார்ந்தேன். கை அப்படி எழுதவில்லை. பிரிண்டர் அந்தப் பக்கத்தைத் துப்பியதும் எபனேசர்தான் எடுத்து வாசித்தார்.

முதல் வரியில் அவர் பெயர் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் என் பேச்சைக் கேட்காமல் இருந்து, இந்த ஆய்வேட்டைக் காப்பாற்றிய என் கணவர் எபனேசருக்கு முதல் நன்றி என்று எழுதியிருந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

பிறகு மெதுவாக, "ஏளா, வார ஞாயித்துக்கெழமையும் ஒரு மேட்ச் இருக்கு" என்றார்.

"நன்றி ஒரு ஞாயித்துக்கெழமைக்குத்தான் எழுதியிருக்கேன். திரும்ப வாசிச்சுப் பாருங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கெல்லாம் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டோம். மறுநாள் மாலை ஆறு மணிக்கு நான் வழக்கம்போல் பிளக்கைப் பிடுங்கி, உறையை மாட்டினேன்.